வட்டுக்கோட்டையின் இருநூறு ஆண்டுகள்: ஒரு கல்லூரியும் அதன் பழைய மாணவரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே வட்டுக்கோட்டையில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரி, 2023இல் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. இந்தப் பெயரில் அது தொடங்கியது 1872இல். அதற்கு முன் அதே வளவில் 1823 முதல் 1855 வரை நடந்தது வட்டுக்கோட்டைச் செமினரி. இரண்டுக்கும் நடுவே 17 ஆண்டுகள் அங்கே உயர்கல்வி நடக்கவில்லை. அப்படியிருந்தும் கல்லூரி தன் வயதை 1823இலிருந்தே எண்ணுகிறது. மூடிய கதவைத் திறக்க வேண்டும் என்று செமினரியின் பழைய மாணவர்கள் விடாமல் கேட்டதே அந்தக் கணக்கை நியாயமாக்குகிறது. ஆகவே இந்தக் கல்லூரியின் வரலாறு பெரும்பகுதி அதில் படித்து வெளியேறியவர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

அமெரிக்க மிஷன் வந்த வழி

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்ததற்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு. 1812இல் இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் தங்கவிடவில்லை. இலங்கை கம்பெனியின் கையில் இல்லை. அது நேரே பிரித்தானிய முடியின் குடியேற்ற நாடு. மனைவியையும் குழந்தையையும் இழந்த நிலையில் 1813இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் நியூவெல், யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு, மிஷன் வேலைக்கு ஏற்ற இடம் இதுவே என்று, தம்மை அனுப்பிய அமெரிக்கத் தாய்ச் சங்கத்துக்கு எழுதினார். குடாநாட்டில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். தமிழ் பேசும் தென்னிந்தியா கடலுக்கு அப்பால் கூப்பிடு தொலைவில் இருந்தது. எழுத்தறிவுக்கு மதிப்புத் தரும் சமூகமும் அங்கே இருந்தது.

1815இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய குழு 1816இல் யாழ்ப்பாணம் சேர்ந்தது. டானியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோர் அதில் இருந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் இரண்டு நிலையங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தர் காலத்தில் திருத்தப்பட்டு, பின்னர் கூரையின்றிக் கிடந்த கோயிலும் வீடுகளும் இரண்டு இடங்களிலும் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறியவர்கள் முதலில் ஊர்ப் பள்ளிகளையும், பிறகு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளிகளையும் தொடங்கினார்கள்.

விடுதி நடத்துவது எளிதாக இருக்கவில்லை. கிறிஸ்தவர் வளவில் சமைத்த சோற்றை வெள்ளாளக் குடும்பத்துப் பிள்ளைகள் தொட மறுத்தார்கள். அதற்காகப் பக்கத்துச் சைவர் காணியில் சமையல் கொட்டில் போட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. பிள்ளைகளின் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். செலவை ஏற்றவர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று யாழ்ப்பாணத்து அறிஞர் பெயர்களின் முன்னால் அமெரிக்கப் பெயர்கள் நிற்பதற்கு இந்த வழக்கமே காரணம்.

1823இன் திட்டம்

விடுதிப் பள்ளிகளில் தேறிய பிள்ளைகளுக்கு மேற்கொண்டு கல்வி தர ஓர் இடம் தேவைப்பட்டது. 1823 மார்ச்சில், தமிழ் இளைஞருக்கும் பிற இளைஞருக்குமான ஒரு கல்லூரித் திட்டத்தை மிஷனரிமார் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பிப்பது, தமிழ் இலக்கியத்தை வளர்ப்பது, தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதமும் எபிரேயமும் கிரேக்கமும் லத்தீனும் சொல்லித் தருவது, ஐரோப்பிய அறிவியலைப் புகட்டுவது ஆகியவை அதன் நோக்கங்கள். தமிழ் கற்க வேண்டிய மொழி மட்டுமல்ல, அறிவியலைத் தாங்க வல்ல மொழியாக அதை ஆக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்தத் திட்டத்தில் இருந்தது.

ஆனால் அப்போதைய இலங்கை அரசு அமெரிக்கரைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் புதிய அமெரிக்க மிஷனரிமார் நாட்டுக்குள் வரத் தடை இருந்தது. 1820இல் வந்த அச்சாளர் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பப்பட்டார். கல்லூரி என்ற பெயரோடு தொடங்க வழியில்லாததால், 1823 ஜூலையில் ஒரு மத்திய பாடசாலையாகவே வட்டுக்கோட்டையில் வகுப்புகள் தொடங்கின. 1827இல் அது செமினரி எனப் பெயர் பெற்றது. அரச தரப்பில் ஆதரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தலைமை நீதியரசராக இருந்த சேர் ரிச்சர்ட் ஒட்லி திட்டத்துக்குக் கைகொடுத்தார். அவர் பெயர் தாங்கிய ஒட்லி மண்டபம் கல்லூரி வளவில் உள்ளது.

செமினரி வகுப்பறை

தெல்லிப்பழையிலிருந்து வட்டுக்கோட்டைக்கு வந்த டானியல் பூர் முதல் அதிபரானார். ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்பியல், தருக்கம், வேதாகமம் ஆகியவற்றோடு, தமிழ்ப் பண்டிதர்களைக் கொண்டு தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. தமிழில் தேர்ச்சி பெற்றுப் பண்டிதரோடு வாதிட வல்லவரான பூர், கற்பித்ததை ஊரார் முன் மெய்ப்பித்துக் காட்டுவதிலும் நாட்டம் கொண்டவர்.

1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணம் அதற்கு வாய்ப்பானது. பஞ்சாங்கம் கணிப்பதில் பேர்பெற்ற வட்டுக்கோட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் கணித்திருந்தார். அக்கணிப்பில் பிழை உண்டு என்று பூர் முன்கூட்டியே அறிவித்தார். ஊரும் மாணவரும் கூடிநிற்க, கிரகணம் பூர் சொன்னதற்கு ஒத்து வந்தது. யாழ்ப்பாணத்தில் புதிய அறிவியலுக்கும் மரபுக் கணிதத்துக்கும் நடந்த உரையாடலில் இந்நிகழ்ச்சி முக்கியமானது. அந்த உரையாடல் ஒருபக்கமாக முடியவில்லை. பூருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இந்து வானியலை முறையாகக் கற்று, அது பற்றிய நூலொன்றை 1848இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. அந்த மொழிபெயர்ப்பு 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் செமினரியைப் பார்வையிட்டார். 1850இல் வெளிவந்த தம் நூலில், அங்குள்ள கல்வித் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்ற பொருள்பட எழுதினார். பனந்தோப்புகள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் கால் நூற்றாண்டுக்குள் அந்தத் தரம் எட்டப்பட்டிருந்தது.

முதல் தலைமுறைப் பழைய மாணவர்

செமினரி எதைச் சாதித்தது என்பதை அதன் மாணவர்கள் செய்த வேலை காட்டுகிறது. 1834இல் மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரியில் அங்கிருந்து ‘உதயதாரகை’ வெளிவந்தது. தமிழில் தோன்றிய ஆரம்ப இதழ்களில் ஒன்றான அது தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் கொண்டது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்தவர்கள். பின்னாளில் அவ்விதழை நெடுங்காலம் நடத்திய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலை எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை அகரவரிசையில் தமிழிலேயே தொகுத்த முன்னோடி முயற்சி அது.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை மேலைத் தருக்கத்தைத் தமிழில் விளக்கி ‘நியாய இலக்கணம்’ என்ற நூலை 1850இல் வெளியிட்டார். கரோல் விசுவநாதபிள்ளை செமினரியிலேயே கணிதம் கற்பித்து, இயற்கணிதத்துக்கு ‘வீசகணிதம்’ என்ற தமிழ்ப் பாடநூலை எழுதினார். வைமன் கதிரைவேற்பிள்ளை உழைத்துத் தொகுத்த பேரகராதியை அவர் மறைந்த பின் மதுரைத் தமிழ்ச் சங்கம் அச்சேற்றியது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களிலும் அவருடைய மருத்துவ நூல்களைத் தமிழாக்க உதவியவர்களிலும் செமினரி மாணவர்கள் இருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே சமய வழியில் நிற்கவில்லை. சிலர் போதகரானார்கள். விசுவநாதபிள்ளையும், பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த செமினரி மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சைவத்துக்கே திரும்பினார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை யாழ்ப்பாண நகரில் நடத்திய பள்ளியே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியானது. மிஷனரிமார் எதிர்பார்த்த விளைவு இதுவல்ல. செமினரி தந்த கல்வி யாழ்ப்பாணச் சமூகம் முழுவதற்கும் சொந்தமானது என்பதை இது காட்டுகிறது.

மூடிய கதவு

1855இல் அமெரிக்கத் தாய்ச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் தூதுக்குழு ஒன்று யாழ்ப்பாணம் வந்தது. மிஷனின் வேலை சமயப் பணியே, கல்வி அதற்குத் துணை மட்டுமே என்பது ஆண்டர்சனின் கொள்கை. தாய்மொழியில் போதகரை உருவாக்கினால் போதும், உயர் ஆங்கிலக் கல்வி தேவையில்லை என்று அவர் கருதினார். செமினரி மாணவரிடையே திருச்சபை உறுப்பினர் குறைவாக இருந்ததும், ஆங்கிலம் கற்றவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுவதும் அவர் வாதத்துக்கு வலுச் சேர்த்தன. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், புதிதாக நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. தேறியவர்கள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தென்னிந்தியா முழுவதற்குமான பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளை, அப்போது பூட்டிக் கிடந்த ஒரு யாழ்ப்பாணக் கல்விக்கூடமே தந்திருந்தது.

தாமோதரம்பிள்ளை பெற்ற பட்டத்தைவிட அவர் பின்னர் செய்த பணி பெரிது. ஏட்டுச்சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி, ஒப்பிட்டு, அச்சேற்றினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வந்தது. 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை வந்தன. சங்கத் தொகை நூல்கள் அச்சுக்கு வந்த தொடக்கக் காலத்தில் கலித்தொகைப் பதிப்புக்கு முக்கிய இடம் உண்டு. பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சான்றோடு முடிவெடுக்கும் முறையை அவர் தம் பதிப்புகளில் கையாண்டார். தமிழ்ப் பண்டிதக் கல்வியும் மேலை ஆய்வு முறையும் ஒரே வகுப்பறையில் கிடைத்த செமினரிப் படிப்பு அதற்கு அடித்தளமாக இருந்தது.

1872: பழைய மாணவரின் கோரிக்கை

செமினரி மூடியதை அதில் படித்தவர்கள் ஏற்கவில்லை. தங்களுக்குக் கிடைத்த கல்வி தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று 1860களில் அவர்களும் உள்ளூர்ச் சபையாரும் கோரினார்கள். தாய்மொழிக் கல்விக் கொள்கையிலிருந்து தாய்ச் சங்கம் இறங்கி வரவில்லை. ஆகவே அந்தச் சங்கத்தின் நேரடிச் செலவில் அல்லாமல், தனி நிதியும் தனி நிருவாக சபையும் கொண்ட ஒரு கல்லூரியை அமைப்பது என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்தில் நன்கொடை திரட்டப்பட்டது. அமெரிக்காவில் திரட்டிய மூலநிதியைப் பராமரிக்க பாஸ்டனில் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை ஒன்று உருவானது.

1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் தொடங்கியது. செமினரிக் காலத்திலேயே யாழ்ப்பாணம் வந்து மிஷன் பணியில் இருந்த ஈ. பி. ஹேஸ்டிங்ஸ் முதல் அதிபரானார். ஆசிரியர்களிலும் ஆதரவாளர்களிலும் செமினரியின் பழைய மாணவர்கள் இருந்தார்கள். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை அங்கே தமிழ் கற்பித்தார். மிஷனரிமார் ஊராருக்காகத் தொடங்கியது செமினரி. ஊரார் கேட்டு வாங்கியது கல்லூரி. இந்த வேறுபாடு பின்வந்த காலம் முழுவதும் அதன் இயல்பைத் தீர்மானித்தது.

இருபதாம் நூற்றாண்டு

செமினரியின் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், 1922இல், கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த ஜே. வி. செல்லையா செமினரி, கல்லூரி இரண்டின் வரலாற்றையும் ஒரே நூலாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். இரண்டும் ஒரே நிறுவனம் என்ற கருத்தை அந்நூல் எழுத்தில் நிலைநாட்டியது. பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கி 1946இல் வெளியிட்டவரும் இவரே.

ஜான் பிக்னெல் அதிபராக இருந்த காலத்தில் (1915–1936) கல்லூரிச் சூழலில் அரசியல் சிந்தனை வளர்ந்தது. அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகம் 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். பின்னர் இளைஞர் காங்கிரசான அந்த இயக்கம் முழுச் சுதந்திரம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி ஆகியவற்றை முன்வைத்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும், 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்ததும் அதன் செயல்கள்.

அடுத்து அதிபரான சிட்னி பங்கர் காலத்தில் லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கான வகுப்புகள் வளர்ந்தன. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாகவே நிற்பது என்று கல்லூரி முடிவெடுத்தது. அரச நிதியும் இல்லை, மாணவர் கட்டணமும் இல்லை. அந்த நிலையில் மூலநிதியும் பழைய மாணவரின் கொடையுமே அதைத் தாங்கின. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு அதற்குக் கையளிக்கப்பட்டது. வளாகத்தின் அறிவியல் வகுப்புகள் முதலில் வட்டுக்கோட்டையில்தான் நடந்தன. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேர்களில் ஒன்று இவ்விதம் 1823 வரை போகிறது.

போர் ஆண்டுகள் கல்லூரியைக் கடுமையாகத் தாக்கின. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது வட்டுக்கோட்டையும் வெறிச்சோடியது. படித்தவர்கள் கொழும்பு, லண்டன், டொரன்டோ, சிட்னி என்று சிதறினார்கள்.

ஆண்டு விழாவும் பழைய மாணவர் சங்கமும்

யாழ்ப்பாணத்தில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது ஊரை அடுத்துக் கேட்கப்படுவது எந்தக் கல்லூரி என்பதே. பழைய மாணவர் சங்கம் அந்த அடையாளத்தின் அமைப்பு வடிவம். அதன் தாய் அமைப்பு கல்லூரியில் இருக்கும். கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் கிளைகள் இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டம், இராப்போசனம், நிறுவுநர் நினைவு, பரிசளிப்பு விழா, வகுப்புத் தோழர் சந்திப்பு ஆகியவை வழக்கமான நிகழ்ச்சிகள். யாழ்ப்பாணக் கல்லூரியும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியும் மோதும் ‘பொன் அணிகளின் போர்’ என்னும் துடுப்பாட்டப் போட்டி பழைய மாணவரை ஒரே மைதானத்தில் கூட்டும். கல்லூரி இதழான ‘மிசலனி’ பழைய மாணவர் பற்றிய செய்திகளையும் இரங்கல் குறிப்புகளையும் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வந்தது. இன்று அது ஆய்வாளருக்கு ஒரு சமூக ஆவணம்.

பெரிய ஆண்டு நிறைவுகளில் இந்தச் சடங்குகள் விரிவடைகின்றன. நன்றி வழிபாடு, கல்லூரிக் கொடியோடு ஊர்வழியே நடைபவனி, கலை நிகழ்ச்சி, சிறப்பு மலர், புதிய கட்டடத்துக்கு அடிக்கல், புலமைப்பரிசில் நிதி ஆகியவை யாழ்ப்பாணக் கல்லூரி விழாக்களுக்குப் பொதுவான உறுப்புகள். இவற்றில் நிலைத்த பயன் தருபவை மூன்று: நிதி, நூல், ஆவணம். 1872இல் திரட்டிய நிதி கல்லூரியைத் தந்தது. 1922இல் எழுதிய நூல் அதன் நினைவைக் காத்தது. பேராயராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய எஸ். ஜெபநேசன் போன்றோர் பின்னாளில் செய்த ஆய்வுகள் அந்த நினைவைத் திருத்தியும் விரித்தும் தந்தன.

இருநூறாம் ஆண்டு கடந்துவிட்ட இன்று செய்ய வேண்டியது அதே வழியில்தான் உள்ளது. ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் திரட்டி வருகிறது. செமினரிக் காலப் பாடநூல்கள், உதயதாரகைத் தொகுதிகள், மிசலனி இதழ்கள், குடும்பங்களில் கிடக்கும் கடிதங்கள், படங்கள் ஆகியவை அத்தகைய பொதுச் சேகரங்களில் முழுமையாகச் சேர வேண்டும். நியாய இலக்கணத்துக்கும் வீசகணிதத்துக்கும் குறிப்புரையோடு கூடிய புதிய பதிப்புகள் வர வேண்டும். ஏடுகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடமை வேறில்லை.